ஆண்டியப்பனின் இடது கை

குன்றாண்டார்கோவில் மாட்டாஸ்பத்திரிக்கு 1958-இல் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. பட்டாளம் கழித்துவிட்ட வண்டி. சண்டை முடிந்து பதின்மூன்று வருஷம் எங்கெங்கோ கிடந்துவிட்டு எங்களிடம் வந்து சேர்ந்தது. பச்சைப் பெயின்ட், பெட்ரோல் டாங்கில் ஒரு நசுங்கல், கிளப்பினால் கோவில் பாறையில் பட்டுத் திரும்பி வரும் சத்தம். அதை ஓட்ட ஆண்டியப்பனைப் போட்டார்கள். அதன் லாக் புக்கை எழுத என்னைப் போட்டார்கள். நான் ரத்தினவேல், கிளார்க். வண்டி ஓடிய மைல், குடித்த பெட்ரோல், பார்த்த பழுது எல்லாம் என் கையெழுத்தில்தான் இருக்கின்றன.

வண்டி நின்ற கொட்டகைக் கதவில் சிவப்பு மசியில் ஓர் அறிவிப்பும் எழுதி ஒட்டியிருந்தேன்: ‘சர்க்கார் வாகனம். ஒப்படைக்கப்பட்ட சிப்பந்தி தவிர வேறு எவரும் தொடக் கூடாது.’ அப்போது எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

ஆண்டியப்பனுக்குத் தடுப்பூசி போடுகிற வேலை. வெக்கை நோய் மாடுகளை வாரிக்கொண்டு போன காலம் அது. புதுக்கோட்டையிலிருந்து மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் கொண்டுவர வேண்டும். ஐஸ் கரைந்தால் மருந்து வெறும் தண்ணீர். பஸ்ஸில் வந்தால் இரண்டு இடத்தில் மாறிக் காத்துக் கிடந்து, வந்து சேரும்போது பிளாஸ்க் வெதுவெதுவென்று இருக்கும். மோட்டார் சைக்கிள் வந்த பிறகுதான் எங்கள் பக்கத்து மாடுகளுக்கு உயிர் வந்தது.

எட்டாவது வரைதான் படிப்பு என்றாலும் நோய் பார்ப்பதில் ஆண்டியப்பனை எந்த டாக்டரும் மிஞ்ச முடியாது. வாயில் ஆரம்பித்து வாலில் முடிப்பார். நொண்டுகிற வண்டி மாட்டைக் கொண்டுவந்தால் காலைத் தொடவே மாட்டார். “மொதல்ல நொகத்தடிய எறக்குங்க. நோவு மாட்டுக்கா நொகத்தடிக்கான்னு பாப்போம்” என்பார். பாதி நேரம் நுகத்தடிதான் கழுத்தில் கடித்துக்கொண்டிருக்கும். இறக்கினால் மாடு ராஜநடை போடும். இந்த வசனம் ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். அவர் வீட்டில் சோறு குழைந்தால்கூட அவருடைய மனைவி அமராவதி, “நோவு அரிசிக்கா அடுப்புக்கான்னு பாருங்க” என்று கேலி செய்வாள்.

1961 ஆவணியில் கொடும்பாளூரில் ஊசி போடும்போது ஒரு காளை திமிறியது. கயிறு சுற்றிக்கொண்டு அவருடைய இடது மணிக்கட்டு முறுக்கிக்கொண்டது. எலும்பு முறியவில்லை, வீக்கம்தான். எங்கள் பக்கம் கைகால் பிசகினால் அழகுமலையிடம்தான் போவோம். குங்கிலியத்தை இடித்து விளக்கெண்ணெயில் காய்ச்சி ஒரு எண்ணெய் வைத்திருப்பார். கரகரவென்று பழுப்பாக, மூக்கைத் துளைக்கிற வாசனையோடு இருக்கும். தடவினால் இரண்டு நாள் குளித்தாலும் போகாது. அதைத் தடவி நீவிவிட்டார். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது.

ஆனால் வண்டியில் ஏறினால் வலித்தது. கியர் மாற்ற வேண்டுமானால் இடது கைப்பக்கம் இருக்கும் கிளட்ச் லீவரை அமுக்கியாக வேண்டும். அது முன்புபோல் அமுங்கவில்லை. “இன்னும் கையில வாயு இருக்குப்பா, எண்ணெய விடாத” என்றார் அழகுமலை. ஆண்டியப்பனும் விடவில்லை. காலையில் கொட்டகைக்கு வந்து மணிக்கட்டில் தடவிக்கொள்வார். மிச்சத்தில் நாலு சொட்டைக் கிளட்ச் லீவரின் மூட்டிலும் விடுவார்.

“அதுக்கும் மூட்டுத்தானே ரத்தினம். அதுவும் பட்டாளத்துல அடிபட்டு வந்ததுதானே” என்பார். நானும் சிரித்துக்கொண்டே லாக் புக்கில் ‘எண்ணெய் போடப்பட்டது’ என்று எழுதுவேன். எந்த எண்ணெய் என்று எழுதவில்லை. என் மரமண்டைக்கு அது தோன்றவில்லை.

மாதத்துக்கு மாதம் மோசமானது. ஐப்பசியில் ஒற்றைக் கையால் அமுக்க முடியவில்லை. மார்கழியில், வலது கையையும் கொண்டுவந்து இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். ஊருக்குள் வரும்போது அவர் வண்டியை ஓட்டுகிறாரா, அதோடு மல்லுக்கு நிற்கிறாரா என்று சொல்ல முடியாது. கியர் கடகடவென்று அலறும். எதிரே வரும் மாட்டுவண்டிக்காரர்கள் பயந்து வயலில் இறங்கிவிடுவார்கள்.

தை மாதம் ஜில்லா அதிகாரி திருச்சியிலிருந்து வந்தார். அவர் கண் முன்னாலேயே வண்டி மூன்று தடவை நின்றது. மறுவாரம் ஓர் உத்தரவு வந்தது. கொடும்பாளூரில் மாசி கடைசிப் புதன்கிழமை தடுப்பூசி முகாம். அதற்கு ஆண்டியப்பன் தானே வண்டியில் மருந்து கொண்டுவர வேண்டும். முடியவில்லையென்றால் இடது கை வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதி, மெட்ராஸ் மருந்துக் கிடங்குக்கு மாற்றல். வேறு ஆளுக்கு வண்டி.

நான்தான் அதைப் படித்துக் காட்டினேன். மாட்டைத் தொடாமல் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டு இருக்கச் சொன்னால் அந்த மனுஷன் என்ன ஆவார்? அவர் தன் இடது கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கை போச்சு ரத்தினம்” என்றார்.

முகாமுக்கு மூன்று நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை. கொட்டகையில் அவர் லீவரை அமுக்கி அமுக்கிப் பழகிக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. அமராவதி தூக்குவாளியில் சோறு கொண்டுவந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

“கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளுங்க.”

நான் பதறி எழுந்தேன். “அம்மா, சர்க்கார் வண்டி. தொடக் கூடாது. கதவுலயே எழுதியிருக்கு பாரு.”

“எனக்குத்தான் படிக்கத் தெரியாதேண்ணே” என்றாள். லீவரைப் பிடித்துவிட்டாள்.

தினமும் முப்பது குடம் தண்ணீர் இறைக்கிற கை. கம்பு குத்துகிற கை. அவள் ஒற்றைக் கையால் அமுக்கினாள். வளையல் குலுங்கியதே தவிர லீவர் அசையவில்லை. இரண்டு கையாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். அரை அங்குலம் வந்து முனகிக்கொண்டு நின்றது. விட்டதும் உடனே திரும்பவும் இல்லை. சோம்பேறித்தனமாக மெல்ல ஊர்ந்து போனது.

அமராவதி கணவன் பக்கம் திரும்பினாள்.

“ஆறு மாசமா கைய நீவுறீங்களே, நொகத்தடிய எறக்கிப் பாத்தீங்களா?”

ஆண்டியப்பன் குனிந்து லீவரைப் பார்த்தார். “இங்கிட்டு வாங்கண்ணே, நீங்களும் அமுக்குங்க” என்று அவள் என்னையும் கூப்பிட்டாள். நானும் தொட்டேன். வண்டி வந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. என்னாலும் முடியவில்லை.

“மூணு பேருக்குமா கை போச்சு?” என்றாள்.

ஆறு மாதமாக அந்த லீவரை இன்னொரு கை தொட்டதில்லை. தொடவிடாமல் காவல் காத்தவன் நான். என் அறிவிப்பைக் கிழித்து என் வாயிலேயே திணித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆண்டியப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார். ஆறு மாதம் கழித்து அன்றுதான் பழைய ஆண்டியப்பனைப் பார்த்தேன். வாயில் ஆரம்பித்து வாலில் முடிக்கிற ஆள், அன்றைக்கு வாலில் ஆரம்பித்தார். கீழே கியர் பெட்டியில் கிளட்ச் வயர் மாட்டியிருக்கும் முனையைக் கழற்றினார். இப்போது லீவருக்கும் இஞ்சினுக்கும் சம்பந்தமில்லை. லீவரை அமுக்கினார். அப்போதும் இறுக்கம்.

“இஞ்சின் மேல குத்தமில்ல” என்றார். கியர் பெட்டியில் வயர் மாட்டும் சின்ன நெம்புகோலை ஸ்பானரால் தள்ளிப் பார்த்தார். ஸ்பிரிங் ஒழுங்காக அமுங்கி ஒழுங்காகத் திரும்பியது. அடுத்து மேல் முனையையும் லீவரிலிருந்து கழற்றினார். லீவர் கொஞ்சம் பிசுபிசுத்தாலும் ஆடியது. மிச்சமிருந்தது வயர் ஒன்றுதான். உள்ளே கம்பி, வெளியே உறை. கம்பியின் முனையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை.

“நோவு நடுவுல இருக்கு. அமராவதி, நீ உறையப் புடி.”

இரண்டு பேரும் இரண்டு பக்கம் நின்று இழுத்தார்கள். தேர் வடம் இழுக்கிற மாதிரிதான். கம்பி அங்குலம் அங்குலமாக வெளியே வந்தது. அதன் மேல் பழுப்பு நிறத்தில் பிசின், வேலம்பிசின் காய்ந்தது போலப் பளபளத்தது. ஆண்டியப்பன் முகர்ந்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு நானும் முகர்ந்தேன். சாட்சாத் அழகுமலை வீட்டு வாசனை. விளக்கெண்ணெயில் கரைந்த குங்கிலியம், நாலு நாலு சொட்டாக உள்ளே இறங்கி, ரோட்டுப் புழுதியோடு சேர்ந்து, இஞ்சின் சூட்டில் காய்ந்து, கம்பியை உறையோடு ஒட்டிவிட்டிருந்தது. லீவர் இறுகியதால் கை வலித்தது. கை வலித்ததால் எண்ணெய் போட்டார். எண்ணெய் போட்டதால் லீவர் இன்னும் இறுகியது.

“நானே என் கையால ஊத்துனேனே!” என்று தலையில் அடித்துக்கொண்டார் ஆண்டியப்பன். அமராவதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை மூன்று பேரும் சிரித்தோம்.

வயிறு உப்பிய மாட்டுக்குக் கொடுக்க ஆஸ்பத்திரியில் டர்பன்டைன் உண்டு. பிசினைக் கரைக்க அதைவிட நல்ல சரக்கு கிடையாது. உறையைப் புங்க மரத்துக் கிளையில் தொங்கவிட்டார். மேல் முனையைச் சுற்றி அமராவதி களிமண்ணைப் பிசைந்து ஒரு சின்னக் கிண்ணம் கட்டினாள். மாட்டுக்கு மருந்து புகட்டும் மூங்கில் கொட்டத்தில் டர்பன்டைனை மொண்டு, உப்பிய மாட்டுக்கு ஊற்றும் அதே நிதானத்தோடு அதில் ஊற்றினார். முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் வரவில்லை. நான் அரை டஜன் சாமிகளுக்கு வேண்டிக்கொண்டேன். அப்புறம் கீழ்முனையில் பழுப்பாக ஒரு சொட்டு. பிறகு இன்னொன்று. சாயங்காலத்துக்குள் ஊற்றியது ஊற்றியபடி தெளிவாக இறங்கியது. கம்பியைத் துடைத்து, இழை அறுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். அறவில்லை. இஞ்சின் ஆயில் போட்டுக் கோத்தார். லீவர் மூட்டையும் கழுவி, வயருக்குக் கொஞ்சம் தளர்வு விட்டு மாட்டினார்.

“நீயே அமுக்கு” என்றார் அமராவதியிடம். அவள் இரண்டு விரலால் அமுக்கினாள். லீவர் வெண்ணெயாக இறங்கியது. விட்டதும் டக்கென்று திரும்பியது.

புதன்கிழமை கொடும்பாளூரில் முந்நூறு மாடுகள். அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாற்றல் உத்தரவு அவர் பைலில் தயாராக இருந்தது, நான் பார்த்தேன். பத்தே காலுக்குத் தூரத்தில் வண்டிச் சத்தம் கேட்டது. திருப்பத்தில் கியர் மாறியது. கடகட இல்லை. அடுத்த கியர். அதிலும் இல்லை. நான் துள்ளிக் குதிக்காமல் இருக்க நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். ஆண்டியப்பன் அதிகாரிக்கு ஒரு கெஜம் முன்னால் பூப்போல வந்து நின்றார். பிளாஸ்க்கை எடுத்துக் குலுக்கினார். உள்ளே ஐஸ் கலகலத்தது.

“கை?” என்றார் அதிகாரி.

ஆண்டியப்பன் இடது கையின் இரண்டு விரலால் லீவரை அமுக்கி அமுக்கிக் காட்டினார். அதிகாரியும் எழுந்து வந்து அமுக்கிப் பார்த்தார்.

“எந்த டாக்டர்கிட்ட காட்டினே?”

“கைக்கு ஒண்ணுமே இல்லைங்க சார். கோளாறு வயர்ல இருந்துச்சு.”

“அதை யார் கண்டுபிடிச்சது?”

கதவில் நான் எழுதி ஒட்டியது ஞாபகம் வந்தது. ஒப்படைக்கப்பட்ட சிப்பந்தி தவிர எவரும் தொடக் கூடாது. ‘நான்தான்’ என்று ஆண்டியப்பன் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. எங்கள் பக்கம் ஆண்பிள்ளைகள் மனைவியை ‘வீட்ல’ என்பார்கள், பெயரை நாலு பேர் முன்னால் சொல்ல மாட்டார்கள். ஆண்டியப்பன் நிமிர்ந்து நின்றார்.

“அமராவதிங்க சார். என் பொஞ்சாதி.”

அதிகாரி அவரைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பைலிலிருந்து உத்தரவை எடுத்து நாலாகக் கிழித்தார். “லாக் புக்ல பழுது கண்டவர்னு ஒரு கட்டம் இருக்கில்ல, எழுதுய்யா” என்றார். எழுதினேன். பெரிய எழுத்தில், அமராவதி என்று. அன்று மத்தியானத்துக்குள் முந்நூறு மாட்டுக்கும் ஊசி போட்டு முடித்தார் ஆண்டியப்பன்.

சேதி தெரிந்து அழகுமலை, “என் எண்ணெயாலதான் கை தேறுச்சு” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மறுக்க முடியவில்லை. கை தேறியது உண்மைதானே.

சாயங்காலம் நான் லாக் புக்கை எடுத்துக்கொண்டு ஆண்டியப்பன் வீட்டுக்கே போனேன். கொட்டகைக் கதவில் இருந்த என் அறிவிப்பை வழியிலேயே கிழித்துப் போட்டிருந்தேன். அமராவதியைக் கூப்பிட்டுப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

“இதுல எதுண்ணே நானு?”

காட்டினேன். விரலை நீட்டியவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

“சர்க்கார் பொஸ்தகமாச்சே. தொடலாமா?”

“தொடும்மா” என்றேன்.