விற்கிறவரே வாங்கேல்லையாம்

மோட்டார் சைக்கிள் விற்கிறவனுக்கு வேலை இரண்டு: காலையில் வண்டியைத் துடைப்பது, மிச்ச நேரம் முழுக்க, "இப்ப வாங்கலாமோ, இல்லாட்டி விலை குறையும் மட்டும் பொறுக்கலாமோ?" என்ற கேள்விக்கு முழிப்பது.

துடைக்கிறதுக்குச் சம்பளம் உண்டு. முழிக்கிறதுக்கு இல்லை. நீங்களும் எங்கேயாவது ஒரு கடையில் நின்று, சிரித்துச் சிரித்துத் தாடை நொந்தவர் என்றால் என் பாடு உங்களுக்கு விளங்கும். வாருங்கோ, கிட்ட இருங்கோ. சேர்ந்து அழுவம்.

மிச்சத்தையும் பூட்டுங்கோ

அரசாங்கம் மாறி, அதுவரை தடுத்து வைத்திருந்த இறக்குமதியைத் திறந்துவிட்ட புதுசு. திருகோணமலையில் துறைமுகத்துக்குப் போகிற வீதியில் எங்கள் முதலாளியின் கடை. அதுவரைக்கும் சைக்கிள் ரியூப்பும் செயினும் விற்ற கடை. விற்ற என்று சொல்வதே பிழை. "இல்லை, வரேல்லை, தெரியாது" என்று சொல்லிக்கொண்டு நின்ற கடை. திடீரென்று ஒருநாள் கொழும்பிலிருந்து லொறியில் ஜப்பான் மோட்டார் சைக்கிள் வந்து இறங்கியது. சாதாரண வகை இல்லை. மணலிலும் சேற்றிலும் பாய்ந்து ஓடவென்றே செய்த புதுச் சாதி. இரத்தச் சிவப்பு. சீற் என் இடுப்புக்கு மேலே. முன் மட்கார்ட் சில்லோடு ஒட்டாமல், ஒரு முழம் உயரத்தில் தனியே நீட்டிக்கொண்டு நின்றது. ஒன்றைக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தினோம், மற்றவை பின் அறையில் சாக்குப் போர்த்திக்கொண்டு நின்றன.

முதல் ஆளாக வந்தவர் சல்லிக் கிராமத்தில் வள்ளமும் மீன் லொறியும் வைத்திருக்கிற கந்தப்பர் சம்மாட்டி. குனிந்து, சில்லுக்கும் மட்கார்ட்டுக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தார். "இதுக்குள்ள ஒரு ஆட்டுக்குட்டி படுக்குமே!" என்றார். சேறு அடையாமல் இருக்கத்தான் அப்படி என்று நான் படித்ததை ஒப்புவித்தேன். செயினுக்கு மூடி எங்கே என்றார். இல்லை என்றேன். பின்னுக்குச் சாமான் கட்டுகிற கரியர்? அதுவும் இல்லை. மனிதர் என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, உது அரைவாசி வேலை முடிச்ச சாமான். மிச்சத்தையும் பூட்டி முடியுங்கோ, அப்ப வந்து விலை கேக்கிறன்."

குச்சவெளி ரீச்சர்

உண்மையைச் சொன்னால், அந்த வண்டியை ஆரும் வாங்க முதல் வாங்க வேண்டும் என்று துடித்தவன் நான்தான். என் மனைவி மனோன்மணிக்கு குச்சவெளியில் படிப்பிக்கிற வேலை. திருகோணமலை ரவுணில் இருந்து போகிற காலை பஸ் அங்கே போய்ச் சேர, பள்ளிக்கூடத்தில் முதலாம் பாடம் முடிந்துவிடும். அதனால் அவள் அங்கேயே ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கி, வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து ஞாயிறு பின்னேரம் போய்விடுவாள். கலியாணம் கட்டினோம் என்று பேர். கிழமை முழுக்க நான் குசினியில் பாணும் சம்பலுமாகச் சுவரோடு கதைத்துக்கொண்டு இருப்பேன்.

இந்த வண்டி இருந்தால் விடியக் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கடை திறக்கத் திரும்பி வந்துவிடலாம். பின்னேரம் அவள் பஸ்ஸில் வருவாள், பஸ் வராவிட்டால் நான் இருக்கிறேன். கடற்கரை றோட்டில் மாரிக்குப் பாதி மணல், பாதி தண்ணீர். சாதாரண வண்டி புதையும், இது போகும். அவள் சீட்டுப் பிடித்து வைத்த காசும் கையில் இருந்தது. ஆனாலும் புத்தி கேட்கவில்லை. புதுச் சாமான், விலை உச்சியில் நிற்கிறது, கொஞ்சம் பொறுத்தால் முதலாளி விலையில் கழிவு போடுவார், நானோ கடைக்குள்ளேயே நிற்கிறவன், எனக்குத் தெரியாமலா? இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் நிலையத்தில் நின்று அவளுக்கு விளங்கப்படுத்தினேன். பஸ்ஸில் ஏறி இருந்துகொண்டு யன்னலால் சொன்னாள்: "பொறுக்கப் பொறுக்க வண்டிக்கு விலை குறையும். எனக்கு வயசெல்லோ கூடுது."

இல்லாததுக்கு நின்ற வரிசை

துறைமுகக் கந்தோரில் வேலை செய்கிற பெரிய கிளாக்கர் ஒருவர் மத்தியானச் சாப்பாட்டு நேரம் தவறாமல் வருவார். வண்டியில் ஏறிக் குந்துவார், கான்டிலைப் பிடிப்பார், வாயால் "டுர்ர்" என்பார், இறங்குவார். இறங்கினவுடன் பொருளாதாரம் தொடங்கும். ஒருநாள், கப்பல் கப்பலாய்ச் சாமான் வருகுது, ஆகவே விலை விழும் என்பார். அடுத்தநாள், ரூபாய் விழுகுது, ஆகவே விலை ஏறும் என்பார். நான் முதல்நாள் சந்தோசப்பட்டு, அடுத்தநாள் கவலைப்பட்டு, மூன்றாம்நாள் எதற்குச் சந்தோசப்பட்டேன் என்பதையே மறந்துபோனேன். அட கோணேசா, ஒரு மனிதன் எத்தனை பக்கத்தால் குழம்புவது!

முந்தி, இறக்குமதி இல்லாத காலத்தில், இந்த மனிதர்தான், எங்கே வரிசை கண்டாலும் முதலில் போய் நின்றுவிட்டு, பிறகு முன்னுக்கு நிற்கிறவரிடம் "என்ன குடுக்கினம்?" என்று கேட்கிறவர். எங்கள் எல்லோருக்கும் அதுதான் பழக்கம். பாணோ சீத்தைத் துணியோ, கண்டவுடன் வாங்கிவிட வேணும், நாளைக்கு இராது. அப்படி வளர்ந்த சனம் இப்போது கண்ணாடிக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது! "ஐயா, அப்ப கண்டவுடன வாங்கினியள், இப்ப ஏன் பொறுக்கிறியள்?" என்று கேட்டே விட்டேன். அவர் கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னார்: "இல்லாத சாமானுக்கு இத்தினை வருசம் வரிசையில நிண்ட நாங்கள், இருக்கிற சாமானுக்குக் கொஞ்சம் நிக்க மாட்டமே?"

லத்தீப் காக்கா பார்த்த பார்வை

கிண்ணியாவிலிருந்து லத்தீப் காக்கா வருவார். நெல் யாவாரி. ஆற்றைக் கடக்கிற மிதவையை அங்கே 'பாதை' என்பார்கள். அதில் ஏறி இக்கரை வந்து, பஸ் பிடித்து ரவுணுக்கு வந்து, கச்சேரியில் அரசாங்க அலுவலை முடித்துக்கொண்டு, நேரே எங்கள் கடைக்கு. வயல் வரம்பில் ஓட இதைவிட வேறு வண்டி இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் தண்ணீர் குடிக்காமல் கதைத்தேன். எஞ்சின், சில்லு, சேறு, வரம்பு, எல்லாம். மனிதர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கை சட்டைப் பைக்குப் போனது. விற்றால் எனக்குக் கொமிசன். ஆனால் விற்கத் தொடங்கினால் விலை குறையாது. குறையாவிட்டால் மனோன்மணி குச்சவெளியில்தான். விற்பதா, விற்காமல் விடுவதா? நானே எனக்கு எதிர்க்கட்சி.

கை பைக்குள் இருக்க, காக்கா ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, நீங்க என்னத்தில வாறீங்க?" பொய் சொல்ல வாய் வரவில்லை. வாசலில் சாத்தியிருந்த என் பழைய சைக்கிளைக் காட்டினேன். அதன் சீற் கிழிந்து, மழைக்கு ஒரு பொலித்தீன் பை கட்டியிருந்தது. காக்கா அதையும் பார்த்தார், சிவப்பு வண்டியையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். கை வெளியே வந்தது, வெறுங்கையாக. "விக்கிறவரே வாங்கல்ல. உள்ளுக்கு என்னமோ தெரிஞ்சுதான் பொறுத்துக்கிட்டு இரிக்கிறீங்க. நானும் பொறுக்கிறன்."

முதலாளி கண்டுபிடித்தது

அந்தக் கதை பாதையேறிப் போய் மூதூர், தோப்பூர் வரைக்கும் பரவிவிட்டது. 'விற்கிறவரே வாங்கேல்லையாம்.' வருகிறவர்கள் வண்டியைப் பார்க்க முதல் என் சைக்கிளைப் பார்த்தார்கள். அது நிற்கிறதா? நிற்கிறது. அப்ப விலை இன்னும் குறையேல்லை. சரி, போவம். எனக்கு வந்த விசரில் சைக்கிளைத் தூக்கிக் கடலுக்குள் எறியலாம் போல இருந்தது.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். கதிரையில் சாய்ந்து பிளேன் ரீ குடித்துக்கொண்டு, ஏன் இன்னும் வாங்கவில்லை என்று கேட்டார். சனம் வாங்காமல் நின்றால் நீங்கள் கழிவு போடுவீர்கள்தானே, அதுக்காகப் பொறுக்கிறேன் என்று நேரே சொல்லிவிட்டேன். மனிதர் கோபிக்கவில்லை. கோப்பையை வைத்துவிட்டு வெளியே கையைக் காட்டினார். வீதிக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் நின்று எங்கள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "சனம் உம்மைப் பாத்துக்கொண்டு நிக்குது. நீர் சனத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறீர். நான் ரெண்டு பேரையும் பாத்துக்கொண்டு வங்கிக்கு வட்டி கட்டுறன்."

ஐஸுக்கு மேல வந்த ரீச்சர்

மாரி பிடித்தது. வாடைக்காற்று வீட்டு ஓடுகளைக் கிளப்பியது. அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் நிலையத்தில் குடையோடு நின்றேன். குச்சவெளி பஸ் வரவில்லை. றோட்டில் தண்ணீர் மேவிவிட்டது, பஸ் வராது என்று நேரக்காப்பாளர் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் வீட்டுக்குப் போகவில்லை. அவளைக் கூட்டிவர எப்படிப் போவது? பழைய சைக்கிளில் அந்தத் தண்ணீருக்குள் எவ்வளவு தூரம் மிதிப்பது? கடைக்குள்ளே, அந்த றோட்டுக்கென்றே செய்த வண்டியை நானே காலையில் பளபளவென்று துடைத்து வைத்துவிட்டு வந்திருந்தேன். அதை நினைக்க எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன். மழையில் ஒருவருக்கும் தெரியவில்லை.

விளக்கு ஏற்றுகிற நேரம், குச்சவெளிப் பக்கம் மீன் ஏற்றப் போன சம்மாட்டியின் லொறி வந்து நின்றது. முன்னுக்கு இடமில்லை. பின்னால் மூடிக் கட்டியிருந்த படங்கை விலக்கிக்கொண்டு மனோன்மணி இறங்கினாள். சீலை முழுக்க மீன் நாற்றம், கை இரண்டும் விறைத்துப் போயிருந்தன. என்னைக் கண்டவுடன் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு முடிய முதல் அழத் தொடங்கிவிட்டாள். சம்மாட்டி லொறிக்குள் இருந்தபடியே கத்தினார்: "ரீச்சரை ஐஸ் பெட்டிக்கு மேலதான் இருத்தி வந்தனான் தம்பி. பயப்பிடாதேங்கோ, பழுதாகேல்லை!"

பாவம், தள்ளிவிட்டிட்டினம்

சனிக்கிழமை கடை திறந்தவுடன் வாங்கினேன். முழு விலை. கழிவு என்ற சொல்லையே எடுக்கவில்லை. முதலாளிக்கு வாயெல்லாம் பல். "இனிப் பாரும், சனம் கதவை உடைக்கும்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் பழைய சைக்கிள் நின்ற அதே இடத்தில் சிவப்பு வண்டியை நிறுத்திவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். விற்கிறவரே வாங்கிவிட்டார். இனி என்ன சொல்லுவியள்?

ஒரு குருவியும் வரவில்லை. மத்தியானம் கிளாக்கர் வந்தார். வண்டியைச் சுற்றி ஒருதரம் நடந்தார். அதில் ஏறவில்லை, செத்த வீட்டுக்கு வந்தவர் போலக் குரலைத் தாழ்த்தினார். வெளியில் விற்க ஏலாமல் போய்த்தான் முதலாளி வேலைக்காரனின் தலையில் கட்டியிருக்கிறார் என்று துறைமுகக் கந்தோர் முழுக்கக் கதையாம். இல்லை ஐயா, நானாய்த்தான் விரும்பி வாங்கினேன் என்றேன். சத்தியம் செய்தேன். அவர் என் தோளைத் தட்டினார்: "வேலை போகாம இருக்க அப்பிடித்தான் சொல்ல வேணும். சொல்லுங்கோ, சொல்லுங்கோ."

காக்காவின் துஆ

தைப்பொங்கல் வரைக்கும் ஒரு வண்டியும் நகரவில்லை. பொங்கலோடு முதலாளி தோற்றுப்போனார். வாசலில் பலகை தொங்கியது: 'விசேட விலைக் கழிவு'. அதைக் கட்டினதும் என் கையால்தான், எழுத்துக் கோணியிருந்தது. அந்தக் கிழமைக்குள் பின் அறை காலி. அரைவாசி வேலை முடித்த சாமான் என்று சொன்ன சம்மாட்டிகூட ஒன்றை எடுத்து, தானே ஒரு கரியர் அடித்துப் பூட்டிக்கொண்டார்.

கடைசி வண்டி லத்தீப் காக்காவுக்கு. வண்டியின் திறப்பை நான் கொடுக்க, என் கையை விடாமல் பிடித்துக்கொண்டார். கண்ணில் உண்மையான அன்பு. "தம்பி, நீங்க அவசரப்பட்டு வாங்கினதாலதான் எங்களுக்கு விலை குறைஞ்சது. உங்களுக்கு நான் துஆச் செய்யிறன்."

இறக்கக்கண்டிப் பாலத்தடியில்

அன்று பின்னேரம் பஸ் பழுதாகி வரவில்லை, மனோன்மணியை ஏற்றிக்கொண்டு வர நானே போனேன். வரும்வழி முழுக்கப் புலம்பினேன். கழிவு எவ்வளவு, அந்தக் காசுக்கு என்னென்ன வாங்கியிருக்கலாம், ஒரு அலுமாரி, ஒரு தையல் மிசின், எல்லாம் போச்சு, உலகத்தில் என்னைப்போல மடையன் உண்டா என்று. இறக்கக்கண்டிப் பாலத்தடியில் எஞ்சினை நிறுத்திவிட்டும் புலம்பினேன். அவள் இறங்கி, சீலையில் பட்ட சேற்றை உதறிக்கொண்டு நின்றாள். வண்டி வாங்கின நாள் தொடக்கம் ஒவ்வொரு நாளும் அவள் இரவுச் சோறு சமைத்தது எங்கள் குசினியில்தான் என்பது எனக்கு அப்போது நினைவிலேயே வரவில்லை.

கடைசியில் கேட்டாள். "லத்தீப் காக்காவின்ர மனுசி எங்க இருக்கிறா?"

"கிண்ணியாவில, வீட்டில."

"அப்ப அவர் பொறுக்கலாம்தானே."

இப்போதும் ஆராவது கடைக்கு வந்து வாங்கலாமோ, பொறுக்கலாமோ என்று கேட்டால், "வீட்டில ஆர் இருக்கினம்?" என்று நான் திருப்பிக் கேட்கிறேன், அவர்களும் ஆளுக்கு விசர் என்று தீர்மானித்து, விலை இன்னும் குறையும் என்ற நம்பிக்கையோடு திரும்பிப் போகிறார்கள்.