பஸ்ஸில் முணுமுணுத்த முகாமைத்துவம்

நான் வியாபார நிருவாகம் படிக்கும் இரண்டாம் வருட மாணவி. நோன்பு மாதத்தில் பரீட்சை வந்தது. அன்று காலை ஒலுவில் கம்பஸுக்குப் போக நிந்தவூரில் பஸ் ஏறி, யன்னலோரம் அமர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு பாடத்தை முணுமுணுத்தேன். திட்டமிடல், ஒழுங்கமைத்தல், நெறிப்படுத்தல், கட்டுப்படுத்தல். வயல்காற்று முகத்தைத் தடவியது. சொற்கள் இளம் பயிராய் அசைந்தன. நான் ஒரு பெரிய கம்பனியை நடத்திக்கொண்டிருந்தேன்; அதன் மேசைகளெல்லாம் வயலுக்குள் கிடந்தன.

கண் விழித்தபோது ஒலுவில் தாண்டி, பஸ் பாலமுனையில் நின்றது.

"கம்பஸ் போயிட்டா?" என்று பதறினேன்.

கொண்டக்டரின் முகம் வாடிவிட்டது. "கம்பஸ் எண்டு கூப்பிட்டன் மகள். வாய் அசைஞ்சிட்டே இருந்திச்சி. நோன்போட திக்ரு ஓதுறீங்க எண்டு நினைச்சி, குழப்பாம விட்டுட்டன்."

அவரே இறங்கி, எதிரே வந்த பஸ்ஸை மறித்து என்னை ஏற்றிவிட்டார். அதில் உண்மையாகவே அல்லாஹ்வின் பெயரைச் சொல்லித் திக்ரு ஓதினேன், கண்களை அகலத் திறந்துகொண்டு. பரீட்சை மண்டபக் கதவைச் சாத்தும் நேரத்தில் உள்ளே நுழைந்துவிட்டேன்.

இப்போதும் பஸ்ஸில்தான் படிக்கிறேன். கண்ணை மூடுமுன் கொண்டக்டரைக் கூப்பிட்டு, "நான் ஓதுறது பாடம். கம்பஸ் வந்தா குழப்புங்க" என்று சொல்லிவைக்கிறேன்.

— ஒரு வாசகி, நிந்தவூர்