கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கூடாத பொருள்

இதை எழுத எனக்கு நாலு வருடம் பிடித்தது. எழுதுவதற்கு அல்ல, எழுதலாமா வேண்டாமா என்று தயங்குவதற்கே நாலு வருடம். நோட்டை எடுப்பேன், தலைப்பில் பிள்ளையார் சுழி போடுவேன், மூடி வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். சுழி மட்டும் போட்ட பக்கங்கள் அந்த நோட்டில் நிறைய இருக்கின்றன. பிள்ளையாரே சலித்துப் போயிருப்பார்.

தயக்கம் என் பொருட்டு இல்லை. என் வீட்டுக்காரர் பொற்கொல்லர். ஜாசினில், பாசார் என்கிற சந்தைக்குப் பக்கத்தில் எங்களுக்குச் சின்ன நகைக்கடை. பொற்கொல்லருக்குக் கை நடுங்குகிறது என்று தெரிந்தால் யார் தாலியைப் பற்றவைக்கக் கொடுப்பார்கள்? ஆனால் அவர் கை நடுங்கியதில்தான் இந்தக் கதையே ஆரம்பிக்கிறது. இப்போது நுணுக்க வேலைக்கு ஓர் ஆள் வைத்துவிட்டோம். போன மாதம் கோயில் அன்னதானத்தில் அவரே எல்லாருக்கும் கேட்கும்படி, "என் கையில கரண்டியக் குடுத்தா பந்திக்கே ரசாபிஷேகம்லா" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து, "இனி என்னா மறைக்கிறது, எழுதிக்க" என்றார். நான் படித்தது மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரைதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பல வருடங்களுக்கு முன் ஒரு மத்தியானம், மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் பாராங் கத்தியைக் காட்டி எங்கள் மோதிரத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவர் முறைப்படி லைசன்ஸ் வாங்கி இடுப்பில் ஒரு ரிவால்வர் வைத்துக்கொண்டார். ஒரு தடவைகூட அதை வெளியே எடுக்க வேண்டி வரவில்லை, முருகன் புண்ணியம். பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. டாக்டர் நோயின் பெயரைச் சொன்ன மறுநாளே அவராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், "இந்தக் கையில இது இருக்கக் கூடாது" என்று ஒப்படைத்துவிட்டு வந்தார்.

மகன் சிங்கப்பூரில். மகள் ஜோகூரில் குடித்தனம். கடையில் மிச்சம் இருந்தது நான்தான். என் பெயரில் விண்ணப்பித்தோம். மாதக்கணக்கில் அலைந்த பிறகு அனுமதி வந்தது, ஒரு நிபந்தனையோடு. சுடுதளத்தில் பயிற்சி எடுத்து, பத்துக் குண்டில் ஏழையாவது வட்டத்துக்குள் போட்டு, பயிற்சியாளரின் கடிதத்தைக் கொண்டுவர வேண்டும். அந்த மாதத்தோடு அனுமதி முடிந்துவிடும். எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு சனிக்கிழமைக் காலை.

"லெட்டர் வரலன்னா கடைய மூடிருவோம்" என்றார் அவர். "ஒன்ன வெறுங்கையோட அங்க உக்கார வச்சிட்டு நான் வீட்டுல சோறு திங்க முடியாது."

அவர் சொன்னால் சொன்னதுதான். இருபத்தாறு வருடம் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் நான் அம்மா, கோயிலில் நான் மாவிளக்குக்காரி. அங்கேதான் நான் ஓர் ஆள். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் அது போய்விடும்.

அந்த அனுமதியில் வாங்கிய பிஸ்டல் புதுசு. ரிவால்வர் மாதிரி உருளை கிடையாது. கைப்பிடிக்குள் மேகசின் போடுவது. ஒரு குண்டு போனதும் அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும். லைசன்ஸ் தாளில் என் பெயரைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது: வீடு அவர் பெயரில், கடை அவர் பெயரில், கார் அவர் பெயரில். இந்தப் பிறவியில் என் பெயருக்கு வந்த முதல் சொத்து ஒரு துப்பாக்கி! அன்றைக்கு முழுக்க எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வெண்டைக்காய் நறுக்கும்போதுகூடச் சிரித்தேன்.

அந்தச் சனிக்கிழமை விடியலில் குளித்து, கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்து, கொண்டையில் மல்லிகை வைத்துக்கொண்டு கிளம்பினேன். கழுத்து மூடிய சட்டையும் கால் மூடிய சப்பாத்தும் வேண்டும் என்று போனில் சொல்லியிருந்தார்கள். பஞ்சாபி உடைக்கு மேல் அவருடைய முழுக்கைச் சட்டை, காலில் பாசாரில் வாங்கிய வெள்ளைப் பள்ளிக்கூடச் சப்பாத்து.

"ஆறாம் ஆண்டுப் பரீட்சைக்குப் போற மாதிரியே இருக்கு" என்றார் அவர். "பென்சில் சீவி வச்சிக்கிட்டியா?"

சுடுதளம் அலோர் காஜாவுக்கு அந்தப் பக்கம், செம்பனைத் தோட்டத்து ஓரத்தில். ஒரு தகரக் கொட்டகை, எதிரே உயரமான மண்மேடு, அதன் முன்னால் வட்டம் போட்ட அட்டைகள். பயிற்சியாளர் பெரிய மீசை வைத்த ஆளாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். வந்தது ஒரு தமிழ்ப் பெண். முன்னாள் ராணுவக்காரி. வயது என் மகளைவிடக் குறைவு. குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

"ஆண்ட்டி, மூணே மூணு சட்டம். ஒண்ணு, இதோட வாய் எப்பவும் அந்த மண்மேட்டதான் பாக்கணும். ஒங்களப் பாக்கக் கூடாது, என்னப் பாக்கக் கூடாது, பின்னாடி உக்காந்திருக்க அங்கிளயும் பாக்கக் கூடாது."

"சண்ட போட்டாலுமா?" என்று பின்னால் பெஞ்சிலிருந்து என் வீட்டுக்காரர் கேட்டார்.

"அங்கிள், ஜோக்கெல்லாம் பிறகு. ரெண்டு, நான் சொல்ற வரைக்கும் வெரலு விசைக்குள்ள போகக் கூடாது. மூணு, நான் ஸ்டாப்னா ஸ்டாப். ஒருவாட்டி தப்புப் பண்ணா வார்னிங். ரெண்டாவது வாட்டி பண்ணா பேக்கத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிரலாம். லெட்டர் கெடையாது. ஆண்ட்டின்னெல்லாம் பாக்க மாட்டேன்."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அவள் மேகசினைக் கழற்றி, உள்ளே காலி என்று காட்டி, பிஸ்டலை என்னிடம் நீட்டினாள். இரண்டு கையாலும் வாங்கினேன். தலையைக் குனிந்தேன். அப்படியே தூக்கிக் கண்ணில்...

"ஸ்டாப்!"

மண்மேட்டிலிருந்த மைனாக்கள் பறந்துவிட்டன. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டிருந்தாள்.

"என்னா ஆண்ட்டி பண்றீங்க?"

"கும்பிட்டேன்மா."

"எத?"

"இதத்தான். மொத மொத கையில வாங்குறோம்ல..."

"இவ குக்கர் வாங்குனப்பவே கண்ணுல ஒத்துனவமா" என்றார் என் வீட்டுக்காரர், முகத்தை மூடிக்கொண்டு.

"குக்கரா?"

"விசிலோட."

அவள் சிரிக்கவில்லை. "காலின்னு நெனச்சு செத்துப்போனவங்க எத்தன பேரு தெரியுமா ஆண்ட்டி? சட்டம் நம்பர் ஒண்ணு. ஒரு வார்னிங்" என்று தாளில் எழுதிக்கொண்டாள்.

அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? எங்கள் கடையில் காலையில் சுத்தியலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றாமல் ஒரு தட்டுத் தட்ட மாட்டோம். தராசு, இடுக்கி, ஊதுகுழல் எல்லாவற்றுக்கும் அதே மரியாதை. புதுப் புத்தகம், புதுச் சேலை, மகனின் சம்பளக் கவர் எல்லாம் என் கண்ணில் பட்டுத்தான் வீட்டுக்குள் போயிருக்கின்றன. இது நான் யோசித்துச் செய்வதில்லை. என் முழங்கைக்குத் தெரிந்த வேலை. ஆக அன்றைக்கு எனக்கு எதிரி அட்டையில் இல்லை, என் முழங்கையில்தான் இருந்தது. இன்னொரு தடவை அது மேலே எழும்பினால் கடை போச்சு.

அடுத்து பிஸ்டலின் மேல்பாகத்தைப் பின்னால் இழுத்து விடச் சொன்னாள். "கஷ்டமா இருக்கும், லேடீஸ் நெறைய பேருக்கு வராது" என்றாள். துளைத் தகட்டில் தங்கக் கம்பியை இழுத்து இழுத்துக் காய்த்த கை இது. சடக் என்று இழுத்துவிட்டேன். அவள் கறுப்புக் கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அப்போதே எனக்குள் ஒரு குதூகலம் கிளம்பிவிட்டது.

முதல் குண்டு. காதுமூடி போட்டிருந்தும் வெடிச் சத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள் கேட்டது. "முருகா!" என்று நான் கத்தியது அதைவிடச் சத்தமாக இருந்ததாம். குண்டு அட்டையைத் தொடவே இல்லை. மண்மேட்டில் புழுதி கிளம்பியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாதாரணச் சிரிப்பில்லை, பள்ளிக்கூடத்தில் காலைச் சபைகூடலில் வருமே, அடக்க அடக்கப் பொங்குகிற சிரிப்பு.

"சிரிக்காதீங்க ஆண்ட்டி, தோள் குலுங்குது."

"நான் சிரிக்கலம்மா, அதுவா வருது."

"வெரல வெளிய எடுத்துட்டுச் சிரிங்க. அங்கிள், நீங்களும் சிரிக்காதீங்க!"

சிரித்து முடித்து, சுட்டு, திரும்பச் சிரித்து, இப்படியே பயிற்சிக் குண்டுகள் தீர்ந்தன. கடைசியில் அட்டையின் ஓரத்துக்காவது வந்துவிட்டேன். சுட்டபின் வெளியே விழும் பித்தளைக் கூடுகளை எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். என் வீட்டுக்காரர் அதற்குள் ஒன்றைப் பொறுக்கி உள்ளங்கையில் நிறுத்துப் பார்த்து, "நல்ல பித்தள" என்றார்.

"வச்சிருங்க அங்கிள்! கணக்கு ஒதைக்குது. ஒண்ணு கொறையிது."

மூன்று பேரும் தேடினோம். மேசைக்கு அடியில், மணல் மூட்டைக்குப் பின்னால், அவர் சட்டைப் பையில்கூடத் தேடினாள். கடைசியில் அவர் மூக்கை உறிஞ்சி, "என்னமோ மல்லியப்பூவ வதக்குன மாதிரி வாசம் வருதே" என்றார். அந்தக் கூடு என் கொண்டையில் உட்கார்ந்திருந்தது. பக்கத்திலிருந்த பூக்கள் கருகியிருந்தன. அப்போதுதான் அந்தப் பெண் முதன்முதலாகச் சிரித்தாள். சிரித்தால் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தாள்.

"போதும். டெஸ்டு. பத்துக் குண்டு, அஞ்சு அஞ்சா" என்று திரும்பவும் ராணுவமானாள்.

முதல் ஐந்தைச் சுட்டேன். அவள் தொலைநோக்கியில் பார்த்தாள். "மூணு உள்ள. ரெண்டு வெளிய."

மிச்சம் ஐந்தில் நாலு விழ வேண்டும். சிரிப்பு அத்தோடு நின்றது.

மேகசின் மாற்றச் சொன்னாள். பொத்தானை அழுத்தினால் காலி மேகசின் தானாகக் கீழே விழும். விழுந்தது. நேராக என் வெள்ளைச் சப்பாத்தின் மேல்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தொழில் சாமானில் கால் பட்டுவிட்டது! முதுகு தானாக வளைய ஆரம்பித்தது. இடது கை கீழே போகத் துடித்தது. வலது கையில் பிஸ்டல். குனிந்தால் அதன் வாய் எங்கே பார்க்கும் என்று முருகனுக்குத்தான் தெரியும். பின்னால் பெஞ்சிலிருந்து என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு என் முதுகு தெரியும், இருபத்தாறு வருடமாகக் கடையில் பார்க்கிற முதுகு.

நாக்கைக் கடித்துக்கொண்டேன். மண்மேட்டையே பார்த்துக்கொண்டு, "சாமி, பிறகு கும்பிடுறேன். கோவிச்சுக்காத, இப்பக் கையில வேல இருக்கு" என்றேன். மனதுக்குள் சொன்னதாக நினைத்தேன். வாய்விட்டுத்தான் சொல்லியிருக்கிறேன்.

"ஆண்ட்டி, யாருகிட்டப் பேசுறீங்க?"

"மேகசின்கிட்டம்மா."

"சரி" என்றாள். "பேசி முடிச்சிட்டு லோட் பண்ணுங்க."

முதுகு நிமிர்ந்தது. இரண்டாவது மேகசினைப் போட்டேன். முதல் குண்டு மண்ணுக்குப் போனது எனக்கே தெரிந்தது. இனி ஒன்றுகூடத் தவறக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு "சரவணபவ" சொல்லி மிச்ச நாலையும் விட்டேன். அவள் சொன்னபடி பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

அவள் அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தாள். மூன்று பேரும் குனிந்தோம். உள்ளே ஆறு ஓட்டை, சந்தேகமில்லை. ஏழாவது கோட்டின் மேல்.

"கோட்டத் தொட்டிருந்தா உள்ள. தொடலன்னா வெளிய" என்றாள். "எனக்குச் சரியாத் தெரியல."

என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தார். வைரம் பார்க்கிற கண்ணாடி. உறங்கும்போது மட்டும்தான் அவரைவிட்டுப் பிரியும்.

"அங்கிள், ஒங்க வீட்டுக்காரி விசயம். நீங்க சொன்னாச் செல்லாது."

"நான் பாக்கலம்மா. நீயே பாரு. நான் பாத்தா அட்டையே ஆடும்" என்று அவளிடம் கொடுத்தார். எப்படிப் பிடிக்க வேண்டும், எந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார். அவள் பார்த்தாள். திருப்பிப் பிடித்துப் பார்த்தாள். கொட்டகைக்கு வெளியே வெயிலுக்குப் போய்ப் பார்த்தாள். நான் பழனியிலிருந்து பத்துமலை வரைக்கும் எல்லா முருகனையும் கூப்பிட்டுவிட்டேன்.

"தொட்டிருக்கு" என்றாள். "நூலு அளவு. ஆனா தொட்டிருக்கு."

நான் துள்ளினேன். ஐம்பத்து நாலு வயதில், பள்ளிக்கூடச் சப்பாத்தோடு, உண்மையாகவே துள்ளினேன். அவள் கடிதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள். இரண்டு கையாலும் வாங்கினேன், வாங்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். முழங்கைக்குப் பயம்.

"பேப்பர்தான் ஆண்ட்டி" என்றாள். "எத்தன வாட்டி வேணும்னாலும் ஒத்திக்கிங்க."

இடது கண், வலது கண், நெற்றி. பிறகு அவரிடம் கொடுத்தேன். அவர் கையில் அது படபடவென்று ஆடியது. ஆடிய தாளை அவரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கண்ணைத் திறக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். "திங்கக்கெழம ஒம்பது மணிக்குக் கடையத் தொறக்கணும்" என்றார், அவ்வளவுதான். காரை நான்தான் ஓட்டிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வந்தோம், எதற்கென்று தெரியாமல்.

கடை இன்றைக்கும் திறந்திருக்கிறது. அந்தப் பிஸ்டலை எந்த மனிதனுக்கு நேராகவும் நீட்ட வேண்டி வரவில்லை. வராமலே போகட்டும் என்றுதான் விளக்கேற்றும்போது தினமும் கேட்கிறேன்.

படிக்கிறவர்களிடம் ஒரே வேண்டுதல். இதை யாருக்காவது சொல்வதென்றால் இருக்கிறபடியே சொல்லுங்கள். நான் சொல்லாமலே ஊரில் ஒரு கதை உலவுகிறது. பத்துக்குப் பத்து என்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு சுட்டேனாம், முருகன் கையைப் பிடித்தானாம். தஞ்சோங் கிளிங்கில் இருக்கும் என் நாத்தனார் வரைக்கும் நான் ஒரு திருடனைச் சுட்டதாகச் செய்தி போயிருக்கிறது. சாமி பெயரால் கூட்டிச் சொன்னாலும் பொய் பொய்தான். உள்ளே விழுந்தது ஏழு, அதில் ஒன்று நூலளவில். தயவு செய்து ஏழை எட்டாக்காதீர்கள். மண்ணுக்குப் போன மூன்றையும் சேர்த்தே சொல்லுங்கள்.