சக்கரம் தொங்கும்போது இறுக்கிய போல்ட்

1. சாவி திரும்பி வந்தது

வெள்ளிக்கிழமை மதியம் வித்யா மேடம் காரை என் ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்திவிட்டுச் சாவியை என் கையில் வைத்தார்.

"அப்பா ஜெயிச்சுட்டார் பாய். பழைய ஸ்பிரிங்கையே மாட்டிடுங்க."

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஆட்டோகிராஸ். எனக்குச் சுருக்கென்றது.

மந்தைவெளியில் இருபத்தெட்டு வருடமாக சஸ்பென்ஷன் வேலை மட்டும்தான் செய்கிறேன். மேடம் அடையாறில் வங்கி அதிகாரி. அவரிடம் இருப்பது ஒரே ஒரு பழைய ஹேட்ச்பேக். அதில்தான் வேலைக்குப் போக வேண்டும். முதுகில் ஆபரேஷன் ஆன அப்பாவை வெள்ளிதோறும் மயிலாப்பூரிலிருந்து நந்தனத்துக்கு பிசியோதெரபிக்கு அழைத்துப் போவதும் அதில்தான். எப்போதாவது ஒரு ஞாயிறு, ஈ.சி.ஆர். பக்கம் ஒரு மைதானத்தில், வரிசையாக வைத்த கோன்களுக்கு நடுவே அதே காரை வளைத்து வளைத்து ஓட்டுவார். ஒவ்வொருவராகத்தான் விடுவார்கள், போட்டியே கடிகாரத்தோடுதான். கோனைத் தட்டினால் நேரம் கூடும். மேடம் மூன்று தடவை நான்காவதாக வந்திருந்தார். திருப்பத்தில் கார் படகு மாதிரி சாய்கிறது என்று என்னிடம் வந்தார்.

உயரம் கொஞ்சம் குறைந்த, கெட்டியான ஸ்பிரிங், அதற்கேற்ற ஷாக் அப்சார்பர், முன் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மில், அது அசையும் மூட்டுக்குப் புது ரப்பர் புஷ் என்று எல்லாம் மாற்றினேன். அப்பா போட்ட நிபந்தனை ஒன்றுதான்: முதுகு வலித்தால் பழையபடி மாற்றிவிட வேண்டும். நானும் வாய்க்கொழுப்பில், "ஞாயித்துக்கெழம கோன் சுத்தும், வெள்ளிக்கெழம உங்கப்பாவ தூங்க வச்சிக்கினே போவும்" என்று சொல்லியிருந்தேன்.

முதல் வெள்ளியிலேயே ஒவ்வொரு வேகத்தடையும் அவர் முதுகில் குத்தியிருக்கிறது. மேடம் கோபப்படவில்லை. கொடுத்த வாக்கை மீற முடியாது என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. நாளை சாயங்காலம் வரை டைம் கேட்டு வாங்கினேன்.

2. தாஸ் சொன்னது

முதலில் ஷாக் அப்சார்பர் மேல் பழியைப் போட்டேன். அதன் அட்ஜஸ்ட்மென்ட்டை மென்மையாக்கி ஓட்டிப் பார்த்தேன், பலனில்லை. சனிக்கிழமை காலையில் தி.நகரில் வீல் அலைன்மென்ட் பார்க்கும் தாஸிடம் கொண்டு போனேன். அவன் டேப்பை வைத்துக் காரின் உயரத்தை அளந்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"இன்னா பாய், முன்னால எறங்கவே இல்ல. யாரோ கீழருந்து தாங்கிக்கினு கீற மாரி கீது."

எனக்குக் கோபம் வந்தது. இவன் யார் எனக்குச் சொல்ல என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பினேன். ஆனாலும் அந்தப் பேச்சு காதிலேயே நின்றது. ஒர்க்‌ஷாப்பில் அடியில் நின்று வேலை பார்க்கும் பள்ளத்தின் மேல் காரை நிறுத்தி, கீழே இறங்கி, லோயர் ஆர்ம் போல்ட்டைத் தளர்த்தினேன். 'டொப்' என்று கார் அரை விரல் கீழே இறங்கியது.

தப்பு என்னுடையது. போல்ட்டை எந்த நிலையில் இறுக்குகிறோமோ, அந்த நிலையில்தான் ரப்பர் புஷ் ஓய்வாக இருக்கும். நான் காரைத் தூக்கும் லிஃப்டில், சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே இறுக்கிவிட்டேன். கார் தரையில் நின்றதும், பிழிந்த துணி மாதிரி ரப்பர் முறுக்கிக்கொண்டு, ஸ்பிரிங்கை அமுங்க விடாமல் எதிர்த்திருக்கிறது. உயரம் குறைத்த காரில் முறுக்கு இன்னும் அதிகம்.

லிஃப்டில் இறுக்கினால் வேலை சீக்கிரம் முடியும். அதனால் எல்லாக் காரிலும் நான் செய்தது அதுதான். யாரும் கண்டுபிடித்ததில்லை. புஷ் சீக்கிரம் கிழிந்து வருகிறவர்களிடம், "மெட்ராஸ் ரோடு சார், இன்னா பண்றது" என்று சொல்லியே அனுப்பியிருக்கிறேன். அந்தப் பள்ளத்தில் நின்றபோது மிகவும் வெட்கமாக இருந்தது.

3. நகராத கார்

மேடத்துக்கு போன் போட்டு, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். ஓட்டுகிறவர் எடையோடு இறுக்க வேண்டும், சீட்டில் வந்து உட்காருங்கள் என்றேன். வந்தார். அவரோடு அப்பாவும் வந்து முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். நான் கீழிருந்து இறுக்கிவிட்டு, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நின்னுண்டிருக்கற கார்ல யாருக்குய்யா முதுகு வலிக்கும்? ஓட்டச் சொல்லுங்கோ" என்றார் அப்பா.

தாஸிடம் அலைன்மென்ட்டை முடித்துக்கொண்டு அடையாறு வரை போனோம். நான் பின் சீட்டில். முதல் நான்கு வேகத்தடைகளைப் பெரியவர் சத்தமாக எண்ணினார். ஐந்தாவதில் சத்தமில்லை, ஆறாவதிலும் இல்லை. கோபமாக இருக்கிறார் என்று பயந்து எட்டிப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருக்க, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். மேடம் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். பழைய ஸ்பிரிங் பேச்சு அதோடு முடிந்தது.

மறுநாள் கடைசி ரவுண்டில் ஒரு கோனைத் தட்டி மறுபடியும் நான்காவதாகத்தான் வந்தார். சாயங்காலம் போன் செய்தார்.

"கார் சொன்ன பேச்சைக் கேட்டுது பாய். கோன் என் தப்பு. அடுத்த தடவை தட்ட மாட்டேன்."

திங்கட்கிழமை உட்கார்ந்து, நான் புஷ் மாற்றிய கார்களை நினைவுக்கு வந்த மட்டும் எழுதி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். காசு வாங்காமல் போல்ட்டைத் தளர்த்தி, தரையில் நிறுத்தி இறுக்கிக் கொடுத்தேன். சிலர் சிரித்தார்கள். இரண்டு பேர் திட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.

இன்றைக்கும் காரைக் கொண்டுவந்து, "ரோடு சரியில்ல பாய்" என்று அவர்களாகவே ஆரம்பிக்கிறவர்கள் உண்டு. ரோடு சரியில்லைதான். ஆனால் நான் முதலில் என் போல்ட்டைப் பார்க்கிறேன்.