ஆற்றிலிருந்து இழுத்த விமானம்

நத்தால் என்ற கடலோர நகரத்து மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே எடுப்பவள் எடினால்வா. யார் வீட்டுப் பழைய புகைப்படத்திலாவது போர்க்காலத்து விமானம் தெரிந்தால், அது என்ன விமானம் என்று கண்டுபிடிக்காமல் விடமாட்டாள். வால் மட்டும் தெரிந்தாலே பல நேரம் அவளுக்குப் போதும். தெரியாவிட்டால் தெரியாது என்பாள். அதனாலேயே அவள் சொல்லுக்கு ஊரில் மதிப்பு.

ஒரு சனிக்கிழமை காலை எவிலாசியோவின் கடையில் மரவள்ளி மாவு அடை தின்றுகொண்டிருந்தாள். எவிலாசியோ பக்கத்து மேசையில் இருந்த வயதான மீனவரைச் சீண்டினான்.

"என்ன ஒலெகாரியோ அண்ணே, இன்னிக்கு எத்தனை பிளேனைக் கயிறு கட்டி இழுத்தீங்க?"

இரண்டாம் உலகப் போர் நடந்தபோது, தண்ணீரில் இறங்கும் அமெரிக்கர்களின் விமானங்களைப் பொதெங்கி ஆற்றிலிருந்து இழுத்துக் கரையேற்றியதாக ஒலெகாரியோ சொல்லுவார். சாட்சிக்கு அவர் கொடுத்த, விமானத்துக்கு முன்னால் அவரும் கூட்டாளிகளும் நிற்கும் புகைப்படத்தைத்தான் எவிலாசியோ சுவரில் மாட்டிக் கேலிக்கு வைத்திருந்தான்.

"படத்துலயே சக்கரம் தெரியுதே. சக்கரம் இருக்கிற பிளேன் தானா ஏறி வராதா? கயிறு எதுக்கு?"

ஒலெகாரியோ காபியைக் குடித்தார். முப்பத்தாறு வருடமாகப் பதில் சொல்லி அவருக்கு அலுத்துவிட்டது.

எடினால்வா படத்தைக் கேட்டு வாங்கிப் போனாள். இறக்கைக்குப் பின்னால் கண்ணீர்த்துளி போல் புடைத்த கண்ணாடி. காத்தலினா விமானம், அதில் குழப்பமில்லை. ஆனால் அதில் இரண்டு வகை உண்டு. ஒன்றுக்குச் சக்கரம் சொந்தம். மடங்கி உடம்பின் பக்கவாட்டில் ஒரு குழிக்குள் போய் உட்காரும். மற்றது வெறும் படகு, அதற்குச் சக்கரமே கிடையாது.

ஜன்னல் வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தாள். சக்கரத்துக்குப் பின்னால் குழி இல்லை. தகட்டின் மேல் ஆணி வரிசை அறுபடாமல் ஓடியது. தனக்குப் பிடித்த பதில் கிடைத்ததாலேயே அதைச் சந்தேகப்பட்டாள். தன்னிடமிருந்த வேறு மூன்று காத்தலினா படங்களோடு வைத்து, இரண்டு நாள் பார்த்தாள்.

அடுத்த சனிக்கிழமை படங்களை மேசைமேல் பரப்பினாள்.

"இதுல குழி இருக்கு, பாரு. நம்ம படத்துல இல்ல. இந்தச் சக்கரம் பிளேனோடது கிடையாது எவிலாசியோ. வெளியில இருந்து கொண்டு போய் மாட்டினது."

"யாரு மாட்டினாங்க?"

"அவரையே கேளு."

ஒலெகாரியோ கோப்பையைக் கீழே வைத்தார்.

"சக்கரம் மிதக்கும். தண்ணிக்குள்ள தள்ளிட்டுப் போய், அலை தூக்குறப்போ மாட்டணும். விரல் போயிடும், கவனமா இல்லன்னா. அப்புறந்தான் கயிறு."

எவிலாசியோ நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தான்.

"தண்ணி எவ்வளவு ஆழம் அண்ணே?"

"உனக்குக் கழுத்து. எனக்கு மூக்கு."

எடினால்வா பென்சிலை எடுத்துக்கொண்டு, படத்தில் அவரோடு நிற்பவர்களின் பெயர்களைக் கேட்டாள். மூன்று பேர் பெயர் நினைவிருந்தது. நான்காவது ஆளை எல்லாரும் 'நண்டு' என்றுதான் கூப்பிட்டார்களாம். படத்தின் பின்பக்கம் அதையும் அப்படியே எழுதினாள்.