ஓ நெகட்டிவ் நாற்பத்தொரு பேர்

வெப்சைட்டுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் வேலையான பேக்எண்ட் படிக்கிறவனிடம் பிறருக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. என் வெட்கக்கேடு அங்கிருந்துதான் ஆரம்பித்தது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மருந்துக்கடையின் மாடியில் ஆறு மாதம் பைத்தான் படித்தேன். அதில் வெப்சைட் கட்ட உதவும் பிளாஸ்க் முதலில், அப்புறம் ஜாங்கோ. டிசைன் பக்கம் போனவர்கள் கலர் கலராக எதையாவது செய்து வீட்டில் காட்டிப் பேர் வாங்கினார்கள். நான் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தைக் காட்டினேன்.

"இதுல என்னடா இருக்கு?" என்றார் அப்பா. ஒருவர் எழுதிக் கொடுக்கும் தகவல் எங்கே போய்ச் சேருகிறது, கேட்டால் எப்படித் திரும்பி வருகிறது என்று விளக்கத் தொடங்கினேன். பாதியிலேயே எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

கோர்ஸ் முடிவில் ஆளுக்கொரு புராஜெக்ட் செய்யவேண்டும். மற்றவர்கள் இல்லாத புத்தகக்கடைக்கும் இல்லாத ஓட்டலுக்கும் வெப்சைட் கட்டினார்கள். நான் எங்கள் ஊருக்கே ஒன்று செய்ய நினைத்தேன். குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. அவசரத்துக்கு ரத்தம் கொடுக்கக்கூடியவர்களின் பட்டியல்: பெயர், போன் நம்பர், ரத்த குரூப். சேவை மனப்பான்மை எல்லாம் பெரிதாக இல்லை. ஊரில் நாலு பேர் என்னை நிமிர்ந்து பார்க்கவேண்டும் என்ற ஆசைதான்.

முதலில் பெயரும் நம்பரும் மட்டும் கேட்டேன். ரத்த குரூப்பைப் பிறகு சேர்த்தபோது ஜாங்கோ மறித்தது. சோதனைக்காக நான் ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்த பெயர்களுக்கு என்ன குரூப் போடுவது, ஏதாவது ஒன்றைச் சொல் என்றது. நியாயமான கேள்விதான். எனக்கோ பிழைச்செய்தி மறைந்தால் போதும் என்றிருந்தது. கிடைக்க அரிதான குரூப் மேலே இருந்தால் தேடுகிறவர்களுக்கு வசதி என்று ஓ நெகட்டிவைப் பட்டியலில் முதலாவதாக வைத்திருந்தேன். அதையே தட்டிவிட்டேன். யாரும் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் ஓ நெகட்டிவ் என்று புரோகிராமில் ஒரே வரி. பிழை போய்விட்டது. அன்றைக்கு எனக்கு நானே டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

பக்கத்துத் தெருவில் தையல் மிஷின் வைத்திருக்கும் ஓர் அக்காதான் முதலில் தன் பெயரைச் சேர்த்தார். முதல் பிரசவத்திலேயே தன் ரத்தம் ஓ நெகட்டிவ் என்று அவருக்குத் தெரியும். இப்போது மறுபடி வயிற்றில் பிள்ளை, பெற்று எழுந்த பிறகு கொடுக்கிறேன் என்றார். அப்புறம் கண்மாய்க் கரையில் நூறுநாள் வேலை நடக்கும் இடத்துக்குப் போனேன். சாப்பாட்டு வேளையில் போனைக் கையில் கொடுத்து, "பேரும் நம்பரும் போட்டுட்டுக் கீழ பச்சைப் பட்டனை அமுக்குங்க, போதும்" என்றேன். போதும் என்று சொன்னது நான்தான். அதை மட்டும் என்னால் எப்படியும் மறக்க முடியவில்லை.

ஒரு மாதத்தில் பட்டியலில் நூற்றுச் சொச்சம் பேர். அதில் ஓ நெகட்டிவ் நாற்பத்தொரு பேர். லேசில் கிடைக்காத ரத்தம் ஒரே ஊரில் நாற்பத்தொரு பேருக்கு இருக்கிறதே என்று யோசிக்க ஜாங்கோ தெரிந்திருக்கத் தேவையில்லை. நான் யோசிக்கவில்லை, பெருமைப்பட்டேன். கிராம சபைக் கூட்டத்தில் தலைவர் எனக்குத் துண்டு போர்த்தி, "நம்ம ஊரு ரத்தமே தனி ரத்தம்" என்றார். கைதட்டினார்கள். நானும் சேர்ந்து தட்டினேன்.

தையல் அக்காவுக்கு அது இரண்டாவது பிரசவம் நெருங்கிய நேரம். உங்கள் ரத்தம் லேசில் கிடைக்காது, கொடுக்க இரண்டு பேரைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். லோடு ஆட்டோ ஓட்டும் அவர் வீட்டுக்காரர் என்னிடம் வந்து, "என்ன மாப்ள, நம்ம ஊர்லயே நாப்பது பேரு இருக்காங்கல்ல?" என்றார். "அதெல்லாம் கவலையே படாதீங்க மாமா" என்றேன். அவர் கவலைப்படவில்லை. வேறு யாரையும் தேடவும் இல்லை.

பிரசவத்தன்று காலை பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து மாமா கூப்பிட்டார். குழந்தை பிறந்துவிட்டது, அக்காவுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. இருந்த ஒரு பாட்டிலையும் ஏற்றிவிட்டார்கள், இன்னும் வேண்டும். நான் பட்டியலைத் திறந்து வரிசையாகப் போன் போட்டேன். "எனக்கு ஓ நெகட்டிவா? எனக்கே தெரியாதேப்பா" என்றார் ஒருவர். மறுநிமிடமே, "கம்ப்யூட்டர்ல அப்படி இருந்தா சரியாத்தான் இருக்கும், வாரேன்" என்றார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். அவர் என் கம்ப்யூட்டரை நம்பினார், நானும் அதையேதான் நம்பினேன்.

ஆறு பேரை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போனேன். நடவை விட்டுவிட்டு வந்தவர் ஒருவர், நூறுநாள் வேலையிலிருந்து சேற்றுக் காலோடு ஏறிய சின்னம்மா ஒருவர். அங்கே போனதும் ஒவ்வொருவருக்காக விரலில் குத்திப் பார்த்தார்கள். பி பாசிட்டிவ். ஓ பாசிட்டிவ். மறுபடியும் பி பாசிட்டிவ். ஆறு பேரில் ஒருவர்கூட இல்லை. பட்டியலில் மாமாவின் பெயரும் இருந்ததால் அவரையும் பார்த்தார்கள். ஏ பாசிட்டிவ்.

"யாருங்க இந்த லிஸ்ட்டை எழுதுனது?" என்று கேட்டார் நர்ஸ். குரலில் கோபம்கூட இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்த ஒரு வரி கண்முன் வந்து நின்றது. எதனால் இப்படி ஆனது என்று அந்த நொடியே எனக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது.

நான் வாயைத் திறக்குமுன் மாமா முந்திக்கொண்டார். "நம்ம சனம் பாக்காமக் கொள்ளாம அமுக்கிருக்கும் மாப்ள." மனைவி உள்ளே கிடக்கிற நேரத்திலும் என்னைக் காப்பாற்றப் பார்த்தார். நான் சொன்னது இதுதான்: "ஆமா மாமா. படிச்சுப் பாக்காம அமுக்கிட்டாங்க போல."

சின்னம்மா சேற்றுக் காலோடு மாமாவின் முன்னால் வந்து நின்றார். "எனக்குக் கண்ணு சரியாத் தெரியாதுய்யா. தப்பா அமுக்கிட்டேன். மன்னிச்சுக்கங்க" என்றார். பக்கத்தில்தான் நின்றேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திருச்சியிலிருந்து ரத்தம் வந்து சேர நாலு மணியாகிவிட்டது. அதுவரை வராந்தாவில் மாமாவுக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அக்கா பிழைத்துவிட்டார். பிழைத்துவிட்டார் என்று நர்ஸ் வந்து சொன்னதும் எல்லோரையும்விட அதிகமாக அழுதவன் நான். அதை ஊரில் பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் அந்த வரியை அழித்தேன். ரத்த குரூப் கேட்கும் இடத்தில் முதலாவதாக 'தெரியாது' என்று ஒன்றைச் சேர்த்தேன். பத்து நிமிட வேலைதான். பரிசோதனைச் சீட்டு காட்டாத எல்லோரையும் அதற்கு மாற்றினேன். ஓ நெகட்டிவ் என்று தேடிப் பார்த்தால் ஒரே ஒரு பெயர் மிஞ்சியது, அது அக்காவின் பெயர். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஊரிலும் என்னைக் குறை சொல்லவில்லை. "தம்பி நல்லாத்தான் செஞ்சுச்சு, நமக்குத்தான் அமுக்கத் தெரியலை" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்காமல் இருக்க வேறு வழியாகச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன்.

நாற்பது நாள் கழித்து அக்கா கூப்பிட்டு அனுப்பினார். தொட்டிலை ஒரு கையால் ஆட்டிக்கொண்டு, இன்னொரு கையில் போனை வைத்திருந்தார். அதில் என் வெப்சைட் திறந்திருந்தது.

"தம்பி, இங்க மேல தெரியாதுன்னு ஒண்ணு இருக்கே. அது முன்னாடியே இருந்துச்சா?"

"இல்லக்கா."

"நான் பேரு போட்டப்ப மேல ஓ நெகட்டிவ்தான் நின்னுச்சு. நம்ம குரூப்பு தானா வந்து நிக்குதேன்னு நெனச்சு அப்படியே பச்சைப் பட்டனை அமுக்குனேன். எதையும் மாத்தலை."

பட்டியலில் உண்மையாக மிஞ்சிய அந்த ஒன்றும் அப்படித்தான் வந்திருக்கிறது.

"அப்ப நானும் அவங்களும் ஒரே மாதிரித்தான் அமுக்கிருக்கோம்" என்றார். "இல்லையா?"

"ஆமாக்கா. தப்பு என்னோடது. ஆஸ்பத்திரியிலயே எனக்குத் தெரியும்."

அவர் திட்டவில்லை. "சின்னம்மா நேத்துகூட வந்து எங்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போச்சு" என்றார். "பிள்ளை மொகத்தைக்கூட நிமிந்து பாக்கலை. நீ போய்ச் சொல்றியா, நான் சொல்லவா?"

செருப்பைப் போட்டுக்கொண்டு கண்மாய்ப் பக்கம் நடந்தேன். சாப்பாட்டு வேளை. பட்டியலில் இருந்தவர்களில் பாதிப் பேர் சின்னம்மாவோடு அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள் என்பது கரை ஏறும்போதுதான் நினைவுக்கு வந்தது. அதற்குள் யாரோ என்னைப் பார்த்துவிட்டு, "வாங்க தம்பி" என்று நகர்ந்து இடம் விட்டார்கள்.