சடுகுடுவில் என்னை யாரும் பிடித்ததில்லை

பீங்கான் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் வழியில், பள்ளி மைதானத்தில் சடுகுடு பாடி வந்தவன் மேல் ஐந்தாறு பையன்கள் விழுந்து அமுக்குவதைப் பார்த்தேன். சைக்கிளை நிறுத்திவிட்டேன்.

ஐந்தாம் வகுப்பில், காலனியிலிருந்து நான் ஒருவன்தான் பள்ளி ஆட்டத்தில் இருந்தேன். நான் பாடிப் போனால் எதிரணி சிதறி ஓடும். ஒருநாளும் என்னை யாரும் பிடித்ததில்லை. எல்லாம் என் வேகம் என்று நம்பினேன்.

"யப்பா, என்னைய ஒருத்தனாலயும் புடிக்க முடியல!" என்று வீட்டில் பெருமையடித்தேன்.

அப்பா சோற்றிலிருந்து கையை எடுத்தார். "உன்னப் புடிச்சா, குளிக்காம அவனுங்கள வூட்டுக்குள்ள சேக்கமாட்டாங்கடா."

நான் நம்பவில்லை. மறுநாள் பாடிக்கொண்டே போய், எதிரணியின் நடுவில் ஓடாமல் நின்றேன். ஏழு பேரும் தள்ளி நின்று, என் மூச்சு தீரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.